புதைகுழியும் செய்திப்படமும்: அன்ட்ஜெய் வைடாவின் திரைப்படங்கள் பற்றிய ஒரு நோக்கு

கல்லறைக்கல்லிற் பொறிக்கப்படும் ஓர் ஆண்டு அரசுக்கெதிரான குற்றமாகக் கொள்ளப்படுமா? போலந்து நாட்டில் இரண்டாம் உலகப் போருக்குப் பிற்பட்ட நான்கு தசாப்தங்களுக்கு மேலாக அது அவ்வாறே கொள்ளப்பட்டது. 1940 ஆம் ஆண்டின் வசந்த காலத்திலே சோவியத் இரகசியப் பொலிசார் ஏறத்தாழ 22,000 போலந்துக் கைதிகளைச் சுட்டுக் கொன்றனர். அவர்களுட் பலர் தொழில்முறைப் படையினரல்லர். போர் மூண்டதும் படைக்கு அழைக்கப்பட்ட வைத்தியர்களும் ஆசிரியர்களும் சட்டத்தரணிகளும் பொறியியலாளர்களுமாவர். கொல்லப்பட்டோரில் ஒரு பகுதியினரின் புதைகுழிகளைக் கத்தீன் காட்டிற் கண்டதாக 1943 ஏப்ரிலில் ஜேர்மனியர் உலகுக்கு அறிவித்தனர். கொலைகள் 1941 இல், அப்பிரதேசம் ஜேர்மனியர் வசமான பின்னரே, நிகழ்ந்தன என்பது சோவியத் அரசின் மறுப்பு. எனவே கொன்றவர் யார் என்ற வினாவுக்கான விடை முழுவதும் ஓர் இலக்கத்தினுள் அடங்கிவிட்டது. 1940 என எழுதியவர் சோவியத் அரசைக் குற்றஞ்சாட்டினார். 1941 என எழுதியவர் அதன் கூற்றை ஏற்றுக்கொண்டார். உண்மையைச் சோவியத் அரசு ஒப்புக்கொண்டது 1990 ஏப்ரிலிலேயே.

அவ்வாறு கொல்லப்பட்டவர்களுள் ஒருவர் காலாட்படை அலுவலரான யாக்குப் வைடா. அவர் கார்க்கிவ் நகரிற் சுடப்பட்டார். 1943 இல் வெளிவந்த பெயர்ப்பட்டியலில் வைடா என்ற குடும்பப்பெயர் வேறொரு முதற்பெயருடன் காணப்பட்டமையால், அவருடைய மனைவி கணவர் உயிரோடிருக்கக்கூடும் என்றே நம்பினார். அந்நம்பிக்கையுடனேயே 1950 இற் காலமானார். இத்தம்பதியரின் மகனே போலந்துச் சினிமாவின் தலையாய நெறியாளர் எனப் போற்றப்படும் அன்ட்ஜெய் வைடா. 1926 மார்ச் 6 ஆம் திகதி சுவால்க்கி நகரிற் பிறந்த இவர், 2016 ஒக்டோபரில் மறையும்வரை நாற்பதுக்கு மேற்பட்ட திரைப்படங்களை நெறிப்படுத்தினார்.

வைடாவைப் பற்றி எழுதியோர் பலர் அவரை ஒரு 'ரொமாண்டிக்' கலைஞர் என வகைப்படுத்துவர். பத்தொன்பதாம் நூற்றாண்டுப் போலந்துக் கவிஞர்களின் தியாகக் கற்பனையைத் திரைக்குக் கொண்டுவந்தவர், குறியீடுகளை அளவிறந்து கையாண்டவர், ஓவியரின் கண்கொண்டு சட்டகங்களை அமைத்தவர் என்பன வழக்கமான மதிப்பீடுகள். இவை தவறானவையல்ல. ஆயினும் இக்குறியீடுகளும் அலங்காரமும் எவ்வரலாற்றுத் தேவையிலிருந்து எழுந்தன என்பதை இம்மதிப்பீடுகள் போதியளவு விளக்குவதில்லை என்பது எமது கருத்து. வைடாவின் முக்கிய படங்களை ஒருசேர நோக்குமிடத்து அவற்றிலே திரும்பத் திரும்ப வருவது ஒரேயொரு பிரச்சினையே: முறையாக அடக்கம் செய்யப்படாத, காரணம் வெளிப்படையாகச் சொல்லப்படாத சாவு. ஒருபுறம் அரசு தயாரித்த செய்திப்படமும் சிலையும் விழாவும். மறுபுறம் பெயரற்ற புதைகுழி. இவ்விரண்டுக்குமிடையே நின்றே வைடாவின் கமரா இயங்குகிறது.

இதனைக் கூறுமிடத்து அவர் தொழிற்பட்ட நிறுவன அமைப்பையும் நாம் மனங்கொள்ள வேண்டும். போர்க்காலத்தில் 1942 முதல் தலைமறைவு இயக்கமான தாயகப் படையிற் சேர்ந்திருந்த வைடா, போரின் பின் கிராக்கோவில் ஓவியம் பயின்று, அதனை விடுத்து வூச் நகரின் திரைப்படக் கல்லூரியிற் சேர்ந்தார். அக்கல்லூரியை நடத்தியது அரசு. அவருடைய படங்களுக்குப் பணம் தந்ததும் அரசு. 1950களின் நடுப்பகுதி முதல் போலந்திலே திரைப்படத் தயாரிப்பு 'திரைப்படக் குழுக்கள்' மூலமாக நடைபெற்றது. ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு நெறியாளர் தலைமை தாங்கினார். எழுத்தாளரும் ஒளிப்பதிவாளரும் கூடி ஒருவர் பிரதியை மற்றவர் விமர்சித்தனர். சந்தையின் நெருக்குதல் இல்லாத இவ்வமைப்பு பல இளைஞருக்கு வாய்ப்பளித்தது. அதேவேளை பிரதிக்கு முன் அனுமதியும், முடிந்த படத்துக்கு வெளியீட்டு அனுமதியும் பெறவேண்டியிருந்தது. அரசின் பணத்திலேயே அரசு மறைத்தவற்றைக் காட்டுவது என்ற விந்தையான நிலை இவ்வாறுதான் தோன்றியது. போலந்துச் சினிமாவை வெறுமனே தணிக்கைக்குப் பலியான சினிமா என்று பேசுவோர் இந்த இரட்டைத் தன்மையைக் காணத் தவறுகின்றனர்.

முதற்படமான 'ஒரு தலைமுறை' (1955) அக்கால அரசியல் வாய்பாட்டுக்கு இயைந்தது. இளைஞரின் நடிப்பும் தெருக்களின் உயிர்ப்புமே அதனை இன்றும் பார்க்கச் செய்கின்றன. 1956 ஒக்டோபரிற் கொமுல்கா பதவிக்கு வந்ததையொட்டி ஏற்பட்ட தளர்வின் பின்னர் வெளிவந்த 'கனால்' (1957) முற்றிலும் வேறானது. 1944 ஓகஸ்ட் முதலாம் திகதி தொடங்கி 63 நாட்கள் நடந்த வார்சோ எழுச்சியே அதன் பொருள். எழுச்சி தாயகப் படையின் தலைமையில் நிகழ்ந்தமையால் ஸ்ராலின் காலத்தில் அதனைப் பற்றிப் பேசுவதே இடர்ப்பாடாக இருந்தது. கதையை எழுதிய ஸ்தவின்ஸ்கி எழுச்சியிற் பங்குகொண்டு அதே நிலக்கீழ்க் கழிவுநீர்க் கால்வாய்களூடே சென்றவர். படத்தின் தொடக்கத்திலேயே, இவர்களின் இறுதி மணித்தியாலங்களை நீங்கள் பார்க்கப் போகின்றீர்கள் என ஒரு குரல் அறிவித்துவிடுகிறது. யார் தப்புவர் என்ற ஆவலுக்கு இடமேயில்லை.

காயமுற்ற இளைஞனும் அவனைத் தாங்கிச் செல்லும் பெண்ணும் இருளினூடே இறுதியில் வெளிச்சத்தைக் காண்கின்றனர். அருகிற் சென்றால் அது இரும்புக் கம்பிகள் இடப்பட்ட வாய். கம்பிகளுக்கப்பால் விஸ்துலா நதி. நதிக்கப்பால் அமைதியான மறுகரை. அவ்வளவே. அந்தக் கரையைச் செப்டெம்பர் நடுப்பகுதியில் அடைந்த சோவியத் படை நகரம் அழியும்வரை அங்கேயே நின்றது என்பதைப் படம் சொல்லவில்லை, சொல்லியிருக்கவும் முடியாது. ஆயின் அன்றைய போலந்துப் பார்வையாளர் ஒவ்வொருவரும் அதனை அறிவர். தணிக்கையாளர் வெட்டுவதற்கு அங்கே வசனமில்லை, படைவீரனில்லை, கொடியில்லை. ஒரு நதிக்கரை மாத்திரமே உண்டு. வைடாவின் பாணி எனப்படுவதன் தோற்றுவாயை நாம் இவ்விடத்திற் காண்கிறோம். குறியீடு அவருக்கு அழகியல் விருப்பமாவதற்கு முன்னர் பார்வையாளரோடு செய்துகொண்ட ஒரு மௌன ஒப்பந்தமாயிருந்தது. கான் விழாவில் இப்படம் நடுவர் குழுவின் சிறப்புப் பரிசை இங்மார் பேர்க்மனின் 'ஏழாவது முத்திரை'யுடன் பகிர்ந்துகொண்டது. உள்நாட்டிலோ, வீரச்சாவை எதிர்பார்த்துச் சென்றவர்கள் தங்கள் பிள்ளைகள் கழிவுநீரில் அமிழ்ந்து மடிவதைக் கண்டு மனங்கசந்தனர்.

'சாம்பலும் வைரமும்' (1958) அன்ட்ஜெயெவ்ஸ்கி 1948 இல் வெளியிட்ட நாவலைத் தழுவியது. நாவலின் பரந்த சமூகப் பகைப்புலத்தை வைடா ஒரு பகலுக்கும் ஓர் இரவுக்குமாகச் சுருக்கினார். 1945 மே 8: ஜேர்மனி சரணடைந்த நாள். ஒரு சிறு நகரத்தின் விடுதி. தாயகப் படையைச் சேர்ந்த மாச்செக் என்ற இளைஞன், கம்யூனிஸ்ட் கட்சிச் செயலாளரான சூக்காவைக் கொல்லுமாறு பணிக்கப்பட்டுள்ளான். தொடக்கத்திலேயே அவனும் தோழனும் ஆள்மாறி, சீமெந்துத் தொழிற்சாலையைச் சேர்ந்த இரு தொழிலாளரைச் சுட்டுவிடுகின்றனர். நாவலில் மையமாக அமைந்தவர் மாச்செக் அல்லர். படத்தில் அவன் மையத்துக்கு வந்தமைக்குக் காரணம், கறுப்புக் கண்ணாடியுடன் 1945 இன் இளைஞனாகவன்றி 1958 இன் இளைஞனாகவே தோன்றிய நடிகர் சிபுல்ஸ்கி. இக்காலப் பிறழ்வை ஒரு குறையெனக் கொள்வோர் உளர். ஆனால் பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பின்னரும் தீராத ஒரு பிரச்சினையைக் கூற அதுவே ஏற்ற வழியாயிற்று.

இப்படத்தின் மிகப் புகழ்பெற்ற காட்சிகள் யாவும் இறந்தோரைச் சுற்றியே அமைந்திருத்தல் தற்செயலானதன்று. மதுச்சாலையிலே மாச்செக் மதுக் கிண்ணங்களை வரிசையாக நகர்த்தி ஒவ்வொன்றாகத் தீயிடுகிறான்; தோழன் மடிந்த நண்பர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்கிறான். கல்லறையற்றவர்களுக்கு மதுச்சாலையே நினைவாலயமாகிறது. நடுகல் மரபை அறிந்த எமக்கு, பெயர் சொல்லி நினைத்தலின் பொருளை விளக்க வேண்டியதில்லை. அன்றிரவு அவனும் கிறிஸ்தினாவும் இடிந்த தேவாலயமொன்றில் ஒதுங்குகின்றனர். அங்கே ஒரு கல்லறைக்கல்லிற் பொறித்த நொர்விட்டின் கவிதையை அவள் வாசிக்கிறாள்; படத்தின் தலைப்பு அதிலிருந்து பெறப்பட்டது. தலைகீழாகத் தொங்கும் சிலுவைக்கப்பால், அதே தேவாலயத்தின் உட்புறத்திலேயே, காலையில் அவன் தவறுதலாகக் கொன்ற இருவரின் உடல்கள் கிடத்தப்பட்டுள்ளன. கவிதையும் பிணமும் ஒரே கூரையின் கீழ். தேசிய இலக்கியத்தின் உன்னத வரிகளுக்குப் பின்னால் இரு தொழிலாளரின் சடலங்கள் கிடக்கின்றன என்று காட்டியவரை வெறும் ரொமாண்டிக் கலைஞர் என்பது எங்ஙனம் பொருந்தும்?

சூக்காவும் பகைவனாகக் காட்டப்படவில்லை. களைத்த, நேர்மையான முதியவர். அவருடைய சொந்த மகன் எதிரணியிற் சேர்ந்து அன்றிரவு பாதுகாப்புப் பிரிவினரிடம் அகப்பட்டிருக்கிறான். மாச்செக் சுட்டபோது அவர் முன்னே சாய்ந்து கொலையாளியின் கைகளிலேயே விழுகிறார். அதே கணத்தில் வெற்றி விழாவின் வாணவேடிக்கை வானத்தில் வெடிக்கிறது. மறுநாட் காலை படைக்காவலராற் சுடப்பட்ட மாச்செக் ஊர்க்குப்பை கொட்டும் வெளியிலே துடித்து இறக்கிறான். மக்கள் விரோதிக்கு வரலாற்றின் குப்பைமேடே உரிய இடம் என்று அதிகாரிகள் இதனை விளங்கிக்கொள்ளலாம். எமது பிள்ளைகளை இவ்வாறு குப்பையில் எறிந்தார்களே என்று தாய்மார் விளங்கிக்கொள்ளலாம். ஒரே சட்டகம் இரு வாசிப்புகளையும் தாங்கியமையாலேயே படம் அரங்குக்கு வந்தது.

வைடாவின் வரலாற்று நோக்கு எப்பொழுதும் இத்தகைய நிதானம் உடையதாக இருந்ததெனல் இயலாது. அடுத்து வந்த 'லொட்னா' (1959) 1939 செப்டெம்பரின் குதிரைப்படையைப் பற்றியது. அதிலே குதிரைவீரர் ஜேர்மன் தாங்கிகளை எதிர்த்து வாளுடன் பாய்கின்றனர். ஒருவன் தாங்கியின் பீரங்கிக் குழாயை வாளால் வெட்டுகிறான். போலந்துக் குதிரைப்படை தாங்கிகளை வாள்கொண்டு தாக்கியது என்பது போர்த் தொடக்கத்திலேயே பரப்பப்பட்ட கட்டுக்கதை. குதிரைகள் விரைவாக இடம்பெயர உதவின; தாங்கிகளை எதிர்க்கக் குதிரைப்படையினரிடம் அதற்கென அமைந்த துப்பாக்கிகளும் பீரங்கிகளும் இருந்தன. எதிரியின் பிரசாரத்தைத் தம் நாட்டுக் காவியமாக வைடா ஏற்றுக்கொண்டமை இங்கே குறியீட்டு மோகத்தின் விளைவாகும். அவருடைய சமகாலத்தவரான அன்ட்ஜெய் முங்க் 'எரொய்க்கா' (1958) என்னும் படத்தில் அதே வீரப் படிமத்தை அங்கதத்துக்கு உள்ளாக்கினார். முங்க் 1961 இல் வாகன விபத்தில் இறவாதிருந்தால் வைடாவுக்கு நேர் எதிரான ஒரு மரபும் வலுவாக வளர்ந்திருக்கும்.

1960களின் படைப்புகளை இங்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. 1967 இல் சிபுல்ஸ்கி ஓடும் புகையிரதத்தில் ஏற முயன்று மடிந்தார். அவரைப் பெயர் குறிப்பிடாமல் நினைவுகூரும் 'விற்பனைக்கு யாவும்' (1969), இறந்தவனின் படிமத்தை உயிரோடிருப்போர் எவ்வாறு பயன்படுத்திக்கொள்கின்றனர் என நெறியாளர் தம்மையே விசாரணை செய்யும் படம். 1972 இல் வைடா 'எக்ஸ்' என்ற திரைப்படக் குழுவின் தலைமையை ஏற்றார். ரெய்மொன்ட்டின் நாவலைத் தழுவிய 'வாக்களிக்கப்பட்ட நிலம்' (1975) வூச் நகர நெசவாலை முதலாளித்துவத்தின் மூர்க்கத்தைக் காட்டும் வகையிற் சிறந்ததே எனினும், அதிலுள்ள யூதப் பாத்திரங்களின் சித்திரிப்புக் கண்டனத்துக்குள்ளாயிற்று; அக்கண்டனம் முற்றிலும் ஆதாரமற்றதன்று.

எமது நோக்கிற்கு மிக முக்கியமானது 'பளிங்கு மனிதன்' (1977). ஸ்சிபோர் ரில்ஸ்கி 1960களின் தொடக்கத்தில் எழுதிய இதன் பிரதி, பத்தாண்டுகளுக்கு மேலாக அனுமதியின்றிக் கிடந்தது. அக்னியேஷ்கா என்னும் திரைப்படக் கல்லூரி மாணவி, 1950களில் நோவா ஹூத்தா உருக்காலை நகரை அமைத்த மேசன் தொழிலாளியான பிர்க்குட் பற்றிப் படமெடுக்க முனைகிறாள். ஒரே முறைவேலையில் 30,000க்கு மேற்பட்ட செங்கற்களை அடுக்கி உழைப்பு வீரனாகப் போற்றப்பட்டவன் அவன். பின்னர் திடீரென எல்லாப் பதிவுகளிலிருந்தும் மறைந்துவிட்டான். நூதனசாலையின் நிலவறையிலே, பூட்டிய கம்பிக் கதவுக்கப்பால், அவனுடைய பளிங்குச் சிலை வீழ்ந்து கிடக்கிறது. அவள் கையிலேந்திய கமராவுடன் அதன்மீது ஏறி நின்று படம்பிடிக்கிறாள்.

படம் அடுக்கடுக்காக அமைந்தது. பழைய செய்திப்படங்கள் கறுப்பு வெள்ளையிற் காட்டப்படுகின்றன; அவற்றை எடுத்தவரும் எடுக்கத் தூண்டியவரும் பின்னர் வர்ணத்திற் சாட்சியளிக்கின்றனர். அச்செய்திப்படங்களுட் சில வைடாவே பழைய பாணியிற் புதிதாக ஆக்கியவை. ஒன்றின் பெயர்ப்பட்டியலில் உதவி நெறியாளராக 'வைடா' என்ற பெயரே காணப்படுகிறது. அக்காலப் பொய்களை எடுத்தோரில் நானும் ஒருவன் என்ற ஒப்புதல் வாக்குமூலம் அது. நெறியாளர் பலர் அடுத்தவரைக் குற்றஞ்சாட்டியே நின்றுவிடுவதை நோக்க, இந்நேர்மை குறிப்பிடத்தக்கது. செங்கல்லடுக்கும் சாதனை முழுவதும் கமராவுக்காகவே ஒழுங்குசெய்யப்பட்டது என்பதும், பின்னர் ஒருநாள் எவனோ கொதிக்கும் செங்கல்லை நீட்டி அவன் கைகளைச் சுட்டெரித்தான் என்பதும் படிப்படியாகத் தெரியவருகின்றன.

முற்போக்கு வாசகர் இங்கு ஒரு வினாவை எழுப்பக்கூடும்: இது சோசலிசத்தை இழிவுபடுத்தும் படமன்றோ? நாம் அவ்வாறு கருதவில்லை. பிர்க்குட் ஏமாற்றுக்காரனல்லன். எல்லோருக்கும் வீடு கட்டுகிறோம் என்று அவன் உண்மையாகவே நம்பினான். நண்பன் பொய்க் குற்றச்சாட்டிற் சிறைப்பட்டபோது அவனுக்காகப் போராடித் தானும் சிறை சென்றான். விடுதலையான பின்னரும் வாக்களிக்குமாறு சக தொழிலாளரை வேண்டினான். படத்தின் கோபம் அவனுடைய நம்பிக்கையின்மீதன்று, அந்நம்பிக்கையைப் படிமமாக்கிப் பயன்படுத்திவிட்டு மனிதனை எறிந்தோர்மீதே பாய்கிறது. தொழிலாளியின் பேரால் ஆண்ட அரசு தொழிலாளியை நிலவறையிற் பூட்டியது என்பது தொழிலாள வர்க்க நோக்கிலிருந்து எழும் விமர்சனமேயாகும்.

பிர்க்குட்டுக்கு இறுதியில் என்ன நேர்ந்தது? அக்னியேஷ்கா கிடான்ஸ்க் கப்பற்றளத்தில் அவன் மகனைக் கண்டு, தந்தை இறந்துவிட்டார் என்பதை மட்டும் அறிகிறாள். மூலப் படத்திலே அவள் கிடான்ஸ்க் மயானத்திற் கல்லறையைத் தேடி, காணாமல், கொண்டுவந்த மலர்களை விட்டுச் செல்லும் காட்சி இருந்தது. தணிக்கை அதனை நீக்கியது. காரணம் தெளிவு. 1970 டிசம்பரில் கிடான்ஸ்க், கிடினியா, ஷ்செட்சின் ஆகிய துறைமுக நகரங்களில் விலையுயர்வை எதிர்த்த தொழிலாளர்மீது படையினர் சுட்டதில் நாற்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். பலரின் உடல்கள் இரவோடிரவாகப் புதைக்கப்பட்டன. நெருங்கிய உறவினர் சிலர் மாத்திரமே அனுமதிக்கப்பட்டனர். கல்லறை கிடைக்காத தொழிலாளி எவ்வாறு இறந்தான் என்பதைப் போலந்தில் எவருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. 1977 இல் கிடான்ஸ்க் திரைப்பட விழாவில் இப்படத்துக்கு உரிய மதிப்பு மறுக்கப்பட்டபோது, பத்திரிகையாளர் நாடா கட்டிய ஒரு செங்கல்லை வைடாவுக்குப் பரிசாக அளித்தனர்.

1980 ஓகஸ்டிற் கிடான்ஸ்க் கப்பற்றளத்தில் வேலைநிறுத்தம் வெடித்தபோது, தொழிலாளரின் முதற் கோரிக்கைகளுள் 1970 இல் மடிந்தோர்க்கு ஒரு நினைவுச்சின்னம் என்பதும் இடம்பெற்றது. ஊதியத்துக்கு ஒப்பாகக் கல்லறையைக் கோரிய இவ்வேலைநிறுத்தத்தைப் பொருளாதார நோக்கில் மாத்திரம் விளக்குவோர் இதனைச் சிந்திக்க வேண்டும். நினைவுச்சின்னம் அவ்வாண்டு டிசம்பர் 16 ஆம் திகதி திறந்துவைக்கப்பட்டது. கப்பற்றளத்துக்குச் சென்ற வைடாவிடம் ஒரு தொழிலாளி, எங்களைப் பற்றி 'இரும்பு மனிதன்' என்று ஒரு படம் எடுங்கள் எனக் கேட்டதாக வைடா கூறியுள்ளார். சில மாதங்களுக்குள் முடிக்கப்பட்ட அப்படம் 1981 இற் கான் விழாவின் உயர் விருதைப் பெற்றது. முன்னைய படத்தில் வெட்டப்பட்ட உண்மை இதிலே வெளிப்படையாகக் கூறப்படுகிறது: பிர்க்குட் 1970 டிசம்பரிற் சுட்டுக் கொல்லப்பட்டான். லேக் வலேசா தாமாகவே தோன்றுகிறார். உண்மையான செய்திப்படத் துண்டுகள் கதையோடு கலக்கின்றன. கலை நோக்கில் இதனைப் 'பளிங்கு மனித'னுக்கு நிகராகக் கொள்ள இயலாது. மகன் ஐயமற்ற வீரன். தந்தையின் படிமத்தை உடைத்த கமரா மகனுக்குப் புதிய சிலையொன்றை வார்க்கிறது. பொய்யான செய்திப்படங்களை அம்பலப்படுத்தியவர் இப்பொழுது தாமே ஓர் இயக்கத்தின் செய்திப்படத்தை எடுத்தார் எனின் மிகையாகாது. எனினும் அவ்வேகத்துக்குக் காரணமிருந்தது: 1981 டிசம்பர் 13 ஆம் திகதி இராணுவச் சட்டம் பிரகடனமாயிற்று, படம் அரங்குகளிலிருந்து அகற்றப்பட்டது. 1983 இல் 'எக்ஸ்' குழுவும் கலைக்கப்பட்டது. பிரான்சில் எடுக்கப்பட்டு அவ்வாண்டு வெளிவந்த 'டான்டன்', புரட்சி தன் பிள்ளைகளையே தின்னும் கதையை வார்சோவுக்கும் கேட்கும் குரலிற் கூறியது.

1989 இன் பின்னர் தடை நீங்கியது. வைடா செனற் சபை உறுப்பினருமானார். எதையும் சொல்லலாம் என்ற நிலையில், சொல்லாமற் சொல்லும் கலை தன் தேவையை இழந்தது. அவருடைய பிற்காலப் படங்கள் பலவற்றின் தளர்ச்சிக்கு இதுவும் ஒரு காரணம். ஆயின் அவர் எடுத்தேயாக வேண்டிய படம் ஒன்று எஞ்சியிருந்தது. தந்தை கொல்லப்பட்டு அறுபத்தேழு ஆண்டுகளின் பின்னர், தமது எண்பத்தொராவது வயதில், 'கத்தீன்' (2007) படத்தை அவர் வெளியிட்டார்.

அது 1939 செப்டெம்பர் 17 இல், ஒரு பாலத்தின்மீது தொடங்குகிறது. ஜேர்மனியரிடமிருந்து தப்பி ஒரு கூட்டம் கிழக்கே ஓட, சோவியத் படையிடமிருந்து தப்பி மற்றொரு கூட்டம் மேற்கே ஓடிவருகிறது; இரண்டும் பாலத்தின் நடுவே மோதிக்கொள்கின்றன. நாட்டின் நிலை முழுவதும் ஒரு பாலத்தில் விளக்கமாகிறது. பின்னர் அதே புதைகுழிகளைக் காட்டும் இரு செய்திப்படங்கள் வருகின்றன: ஜேர்மனியர் எடுத்தது ஒன்று, சோவியத் தரப்பு எடுத்தது மற்றொன்று. குழிகள் ஒன்றே, எலும்புகள் ஒன்றே. குரல் கூறும் ஆண்டு மாத்திரம் வேறு. கொல்லப்பட்டவர் ஒருவரின் தங்கை, உண்மையான ஆண்டைப் பொறித்த கல்லொன்றை எழுப்ப எண்ணுகிறாள். பணத்துக்காகத் தன் கூந்தலை வெட்டி நாடக அரங்கொன்றுக்கு விற்கிறாள். அங்கே ஒத்திகை நடப்பது 'அன்டிகனி' நாடகம். கல் உடைக்கப்படுகிறது, அவள் சிறைப்படுகிறாள். சகோதரனை அடக்கம் செய்யும் உரிமைக்காக அரசனை எதிர்த்த கிரேக்கப் பெண்ணை இவ்வளவு வெளிப்படையாக நினைவூட்ட வேண்டுமா என நாம் கேட்கலாம். இளம் வைடாவாயின் ஒரு நதிக்கரையைக் காட்டிவிட்டு நின்றிருப்பார்.

ஆனால் இறுதிப் பகுதி அவ்வாறன்று. அதுவரை கதையிற் சொல்லப்பட்டதேயன்றிக் காட்டப்படாத கொலைகள் அங்கே காட்டப்படுகின்றன. இசை உணர்ச்சியைத் தூண்டவில்லை, உரை இல்லை. ஒருவர் பின் ஒருவராகக் கைகள் கட்டப்பட்டு, பின்தலையிற் சுடப்பட்டு, குழியில் வீழ்கின்றனர். மண்தள்ளும் இயந்திரம் மூடுகிறது. செபமாலை பற்றிய ஒரு கை மாத்திரம் சிறிது நேரம் தெரிகிறது. பின்னர் திரை இருள்கிறது. இந்நிகழ்ச்சியை எக்கமராவும் பதிவுசெய்ததில்லை. இரு அரசுகளின் செய்திப்படங்களும் காட்டியவை தோண்டிய பிணங்களையே. இல்லாதிருந்த அந்த ஒரு சுருளையே முதிய மகன் எடுத்து வைத்தார்.

அவருடைய இறுதிப் படமான 'பின்பிம்பம்' (2016), அரச கலைக் கொள்கைக்குப் பணிய மறுத்தமையாற் பதவியும் உணவுப் பங்கீட்டு அட்டையும் இழந்து 1952 இல் வூச் நகரில் மடிந்த ஓவியர் ஸ்த்ஷெமின்ஸ்கியைப் பற்றியது. அதில் ஒரு சிறு காட்சி. பிரிந்து வாழ்ந்த மனைவி, சிற்பி கோப்ரோ, இறந்துவிட்டார். அடக்கத்துக்குச் சென்ற மகளிடம் உள்ளது சிவப்பு மேலங்கி ஒன்றே. அயலார் குறைகூற, அவள் அதனைப் புறம்மாற்றிக் கறுப்பு உட்பக்கம் வெளியே தெரிய அணிந்துகொள்கிறாள். பின்னொருநாள், ஒரு கையும் ஒரு காலும் இழந்த ஓவியர் வெள்ளை மலர்களை வாங்கி, மனைவியின் கண்களின் நிறம் வருமாறு நீலச் சாயத்தில் தோய்த்து, பனி மூடிய கல்லறைக்குத் தாமே எடுத்துச் செல்கிறார்.